வங்கிகளின் கால் ரிப்போர்ட்: 2005இல் உண்மையில் மாறியது என்ன?

வங்கி ஒழுங்குமுறை பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எக்ஸ்பிஆர்எல் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். நிதி அறிக்கைகளைக் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதுவதற்கான பொதுத்தரம் அது. எக்ஸ்எம்எல் தெரிந்தவர்களுக்கு, அதையே கணக்குவழக்குக்கு ஏற்ப வளர்த்தார்கள் என்று சொன்னால் போதும். 1998இல் சார்லஸ் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளர் தொடங்கி வைத்த யோசனை. ‘எல்லோரும் ஒரே வடிவத்தில் தகவல் தந்தால் எல்லாம் வேகமாகும், சரியாகும்’ என்றுதான் இதைப் பற்றி வழக்கமாக எழுதுகிறார்கள். அமெரிக்க வங்கிகளின் கதையைத் தோண்டிப் பார்த்தபோது அது பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றியது.

அமெரிக்க வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘கால் ரிப்போர்ட்’ என்ற அறிக்கையைத் தர வேண்டும். காலாண்டு அறிக்கை என்பதால் ‘கால்’ இல்லை, ‘கொண்டா’ என்று கேட்டு வாங்குவதால் ‘கால்’! 19ஆம் நூற்றாண்டில் கண்காணிப்பு அதிகாரி திடீரென்று, ஏற்கெனவே கடந்துபோன ஒரு தேதியைச் சொல்லி அன்றைய கணக்கைக் கேட்பார். முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கல்லாவை நிரப்பி வைத்துவிடுவார்கள் இல்லையா? இப்போது தேதிகள் நிலையானவை. காலாண்டு முடிந்து பொதுவாக 30 நாளுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும்.

இந்த அறிக்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டு. மொத்தச் சொத்து என்றால் 2170. மொத்தப் பொறுப்புகள் 2948. நிகர லாபம் 4340. எண்ணுக்கு முன்னால் வரும் நாலு எழுத்து, அது உள்நாட்டுக் கிளைகளின் கணக்கா, வெளிநாட்டையும் சேர்த்த கணக்கா, வருமானக் கணக்கா என்று சொல்லும். ஆக, பொதுவான அகராதி ஒன்று எக்ஸ்பிஆர்எல்லுக்கு முன்பே இருந்தது. கோப்புகளும் ஏற்கெனவே கணினி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் என்னதான் சிக்கல்?

சிக்கல் விதிகளில் இருந்தது. இந்தக் கட்டமும் அந்தக் கட்டமும் சேர்ந்தால் இது வர வேண்டும், போன காலாண்டைவிட இவ்வளவுக்கு மேல் மாறினால் காரணம் கேள் என்ற மாதிரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிபார்ப்பு விதிகள் உண்டு. மேற்பார்வை அமைப்புகள் அவற்றை வேர்டு, எக்செல், பிடிஎஃப் கோப்புகளாக அனுப்பும். வங்கிகளுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனங்கள் அதைப் படித்து, தங்களுக்குப் புரிந்தபடி நிரலாக எழுதிக்கொள்ளும். எங்க துறையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஒரே விதிக்கு ஆளாளுக்கு ஒரு பொருள். வங்கியின் கணினி ‘சரி’ என்று சொன்ன அறிக்கை, அந்தப் பக்கம் போனதும் ‘தப்பு’ என்று நிற்கும். உடனே அங்கிருக்கும் பகுப்பாய்வாளர் வங்கிக்குப் போன் போடுவார். திருத்தம் வரும். மறுபடியும் சரிபார்ப்பு. வாரக்கணக்கில் இதே வேலை.

எஃப்டிஐசி, ஃபெடரல் ரிசர்வ், ஓசிசி ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து 2005 அக்டோபரில் ‘சென்ட்ரல் டேட்டா ரெபாசிட்டரி’ என்ற புதிய மையத்தைத் திறந்தன. அறிக்கை எக்ஸ்பிஆர்எல் வடிவில் வர வேண்டும் என்பது வெளியே தெரிந்த மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றம், விதிகளையே எக்ஸ்பிஆர்எல்லில் எழுதி எல்லோருக்கும் வெளியிட்டது. மென்பொருள் நிறுவனம் இப்போது விதியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, அப்படியே ஏற்றிக்கொண்டால் போதும். வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே தராசில் நிறுத்தார்கள்.

விதிகளை இரண்டு வகையாகப் பிரித்தது எனக்குப் பிடித்த இடம். கூட்டல் கழித்தல் வகை விதியில் தவறினால் அறிக்கையை மையம் வாங்கவே வாங்காது. ‘இது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதே’ என்ற வகை விதியில் மாட்டினால் எண்ணை மாற்ற வேண்டாம், ஆனால் காரணத்தை எழுதி அறிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். முன்பு போனில் கேட்டு வாங்கிய பதில் இப்போது எண்ணோடு சேர்ந்தே பயணிக்கிறது. நல்ல வடிவமைப்பு. வெறும் கண்டிப்பு மட்டும் இருந்திருந்தால், மென்பொருளைச் சமாதானப்படுத்த வங்கிகள் எண்ணையே வளைத்திருக்கும். எந்த அலுவலகத்திலும் கட்டாயக் கட்டங்களை மக்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

2006இல் இந்த அமைப்புகளின் கூட்டுக் குழு வெளியிட்ட விவரம்: பழைய முறையில் 66 சதவீத அறிக்கைகள்தான் முதல் தடவையே சுத்தமாக வந்தன, புதிய முறையில் அது 95 சதவீதம் ஆனது. ஒரு பகுப்பாய்வாளர் முன்பு 450 முதல் 500 வங்கிகளைப் பார்த்தார், பிறகு 550 முதல் 600 வங்கிகள். காலாண்டு முடிந்த மறுநாளே, அக்டோபர் 1ஆம் தேதி, முதல் அறிக்கை வந்து சேர்ந்துவிட்டது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் ஒரே காலாண்டில் இதற்கு மாறின என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சாதனைதான்.

ஆனால் அந்த ‘சுத்தம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விதிகளில் தேறியது என்றுதான் அதற்குப் பொருள், உண்மை என்று பொருள் இல்லை.

மேற்கு வர்ஜீனியாவில் கீஸ்டோன் என்று நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒரு குட்டி ஊர். அங்கிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் ஆஃப் கீஸ்டோன், கணக்குப்படி சுமார் 110 கோடி டாலர் சொத்துள்ள வங்கி. நாட்டிலேயே அதிக லாபம் ஈட்டும் சிறு வங்கிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. 1999இல் ஓசிசி ஆய்வாளர்கள், அந்த வங்கியின் கடன்களை வசூலித்துக் கொடுத்த வெளி நிறுவனங்களிடமே நேரடியாக ‘இவர்களுக்காக எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். வங்கி சொன்ன கணக்கில் சுமார் 51.5 கோடி டாலர் கடன் அதனுடையதே இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. வங்கியின் ஆவணங்களைப் பண்ணை நிலத்தில் குழி தோண்டிப் புதைத்திருந்ததும் பிறகு வெளிவந்தது.

இது பழைய முறையின் காலம்தான். ஆனால் 2005இன் விதிகள் இருந்திருந்தாலும் இதைப் பிடித்திருக்குமா? இல்லாத கடனைச் சொத்தில் எழுதி, மூலதனத்தையும் அதே அளவு கூட்டிக் காட்டினால் கூட்டல் கச்சிதமாகச் சரியாக இருக்கும். அறிக்கைக்குள் இருக்கும் எண்களை வைத்து அறிக்கையையே சோதித்தால் இவ்வளவுதான் முடியும். வெளியே இருக்கும் இன்னொருவரின் கணக்கோடு ஒப்பிட ஒரு ஆள் போக வேண்டும். போன் போடும் வேலை குறைந்ததால் மிச்சமான நேரம் இதற்குப் போனதா, கூடுதலாக நூறு வங்கிகளைக் கையில் கொடுப்பதற்குப் போனதா என்பதுதான் என் கேள்வி. மேலே சொன்ன விவரம் இரண்டாவதைத்தான் சாதனையாகக் காட்டுகிறது.

சரி, எண்கள் உண்மையாகவே இருந்தால்? சிலிக்கான் வேலி பேங்கைப் பாருங்கள். முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய கடன் பத்திரங்களுக்கு கால் ரிப்போர்ட்டில் அடக்க விலைக்கு ஒரு பத்தி, சந்தை மதிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி. 2022 டிசம்பர் 31 நிலவரப்படி ஒன்றில் சுமார் 9,100 கோடி டாலர், மற்றொன்றில் சுமார் 7,600 கோடி. வித்தியாசம் 1,500 கோடி. அந்தக் குழுமத்தின் மொத்தப் பங்கு மூலதனமே சுமார் 1,600 கோடிதான். யாரும் எதையும் ஒளிக்கவில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கக்கூடிய கோப்புகள். 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலரை எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அடுத்த கால் ரிப்போர்ட்டுக்கான தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஃபெடரல் ரிசர்வ் அந்த ஏப்ரலில் வெளியிட்ட தன் சொந்த ஆய்வறிக்கையில், தகவல் கிடைக்கவில்லை என்று சொல்லவில்லை. குறைகளைக் கண்ட பிறகும் வங்கியைப் போதிய வேகத்தில் திருத்த வைக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.