ஃபைனலில் ரெஃப்ரி மாறினால்

நாகர்கோவில் பக்கம் கோயில் கொடைக்கு நடக்கிற கபடிப் போட்டிகளில் முதல் சுற்றுகளுக்கு உள்ளூர்க்காரர் யாராவது விசில் ஊதுவார். ஃபைனலுக்கு மட்டும் வெளியூர் ரெஃப்ரி வருவார். நான் ஆடின காலத்தில் அப்படி வந்த ஒருவர் எங்க டீமைக் கவிழ்த்துப்போட்டார் என்று ரொம்ப வருஷம் ஏசிக்கொண்டு நடந்தேன். எங்க பையன் ஒருத்தன் நடுக்கோட்டைத் தாண்டி ரெண்டு எட்டு வைத்த பிறகுதான் 'கபடி'யைத் தொடங்குவான். அதுவரை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. இவர் கண்டுகொண்டார். ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார், ரெண்டு பாயிண்ட் எதிராளிக்கு. தோற்றது ஒரு பாயிண்டில். விதிப்படி அவர் செய்தது சரிதான், அது வேற விஷயம்.

2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஃபைனலைப் பார்த்தபோது இந்தப் பழைய கோபம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இந்தியாவும் ஈரானும் 28-28. மிச்சம் ஒரு நிமிஷமும் சொச்சமும். பவன் ஷெராவத் பாடிப் போகிறார். டூ-ஆர்-டை ரெய்டு, அதாவது பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் அவர் அவுட். யாரையும் தொடாமலே பக்கத்து லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த ஈரான்காரர்கள் நாலு பேரும் பின்னாலேயே லாபிக்குள்.

லாபி என்பது களத்தின் ரெண்டு ஓரத்திலும் உள்ள ஒரு மீட்டர் பட்டை. ஒருவரை ஒருவர் தொட்ட பிறகுதான் அது களமாகும், அதுவரை வெளியேதான். தொடாமல் உள்ளே போன யாரும் அவுட் என்பது சர்வதேச விதி. புரோ கபடி லீகில் இதை மாற்றிவிட்டார்கள். பாடிப் போனவர் கால் வைத்ததுமே ரெய்டு முடிந்தது, பின்னால் போனவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

இங்கேதான் கணக்கைக் கவனிக்கணும். பவனுக்கு எந்த விதியானாலும் நஷ்டம் ஒரே பாயிண்ட். பிடிக்கிற பக்கத்துக்கு ஒரு விதியில் நஷ்டமே இல்லை, மற்றதில் நாலு. லீக் விதி என்றால் ஈரான் 29-28. அடுத்த ரெய்டு ஈரானுடையது. அதில் முப்பது விநாடியைச் சும்மா கழித்துவிட்டால், இந்தியாவுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு ரெய்டு. அதுவும் பவன் இல்லாமல்! சர்வதேச விதி என்றால் இந்தியா 32-29. தீர்ப்பு மாறி மாறி வந்தது, வீரர்கள் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33-29, தங்கம் இந்தியாவுக்கு.

ஈரான் ஆட்டக்காரர்களுக்கு விதி தெரியாதா? ஃபசல் அத்ராசலி போன்றவர்கள் ரெண்டு இடத்திலும் வருஷக்கணக்காக ஆடினவர்கள். ஆனால் பாடிப் போகிறவன் தனியாள், யோசித்துக் கால் வைக்கலாம். பிடிக்கிறவர்கள் சங்கிலி மாதிரி. கார்னர் பாய்ந்தால் கவர் பாயணும், யோசித்தால் ஆள் போய்விடுவான். மாசக்கணக்காக லீகில் ஆடிப் பழகின உடம்பு லீக் விதிப்படிதான் ஓடும். அதனால் ஃபைனலில் விதியோ விசிலோ மாறும்போது முதலில் அடி வாங்குவது டிஃபென்ஸ்தான் என்பது என் எண்ணம். எங்க பையன் விஷயத்தில் அடி வாங்கினது ரெய்டர்தானே என்று கேட்பீர்கள். அவனும் யோசித்துச் செய்யவில்லை, பழக்கம்தான். முதல் தடவை திருப்பி அனுப்பின பிறகும் ரெண்டாம் தடவை அதையே செய்தான் பாருங்கள்.

இதில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, ஆசிய விளையாட்டு ஃபைனலிலேயே எந்த விதி என்று ஆட்டத்தை நிறுத்திப் பேச வேண்டி வந்ததுதான். ஈரான் தோற்றதைவிட அதுதான் உறுத்துகிறது.

இப்போது எங்க ஊர்ப் பையன்கள் ஃபைனலுக்கு முன்னால் ரெஃப்ரியிடம் போய், "சார், லாபிக்கு எந்த ரூல்?" என்று கேட்கிறார்கள். சில ரெஃப்ரிகளுக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை.