முருங்கையை ஒடித்தால்தான் காய் கைக்கு எட்டும்

கொல்லைப்புறத்து முருங்கை இரண்டே ஆண்டில் ஓட்டைத் தாண்டிவிடும். காய்கள் உச்சியில் தொங்கும், தொரட்டிக்கும் எட்டாது. ஏறிப் பறிக்கவும் வழியில்லை. முருங்கைக் கிளை ஆள் பாரத்தையும் தாங்காது, ஐப்பசி, கார்த்திகைக் காற்றையும் தாங்காது. முறிந்து கூரை மீதோ மின்கம்பி மீதோ விழுந்த பிறகு அரிவாளைத் தேடுவதைவிட, உரிய காலத்தில் கவாத்து செய்வதே நல்லது. 'முருங்கையை ஒடித்து வளர்' என்று பெரியவர்கள் சொன்னதும் இதற்காகத்தான். ஒடித்த மரம் புதுக் கிளை விட்டு, அதில் நன்றாகக் காய்க்கும்.

நுனி கிள்ளுதல்

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கை ரகங்களில், செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒற்றைக் கம்பாக உயர்ந்துவிடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகி, நின்றபடியே காய் பறிக்கலாம்.

எப்போது வெட்டுவது?

காய்ப்பு ஓய்ந்ததும் வெட்டலாம். பூவும் பிஞ்சும் உள்ளபோது வெட்டினால் அந்தப் போகம் போய்விடும். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் இறங்கி அழுகும். எனவே கோடைக் காய்ப்பு முடிந்த மரங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

எப்படி வெட்டுவது?

செடிமுருங்கையைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். அரிவாளால் கொத்தினால் மரம் பிளக்கும், ரம்பமே ஏற்றது. தடித்த கிளையை முதலில் அடிப்புறம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பின் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. மீதமுள்ள கட்டையைக் கடைசியில் சாய்வாக அறுத்துவிடுங்கள். பெரிய நாட்டு மரத்தை ஒரேயடியாக மொட்டையடிக்க மனம் வராவிட்டால், பாதிக் கிளைகளை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் குறைக்கலாம்.

வெட்டுவாயில் அன்றே போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக் வாளி போதும்.

வெட்டிய பின்

மரத்துக்கு 25 கிலோ தொழு உரமிட்டு நீர் பாய்ச்சுங்கள். கொத்தாக வரும் துளிர்களில் நாலாபுறமும் பரவுமாறு நான்கைந்தை மட்டும் விட்டு, மற்றதைக் கீரைக்கு ஒடித்துக்கொள்ளலாம். 4 முதல் 5 மாதத்தில் மீண்டும் காய்ப்புக்கு வரும். செடிமுருங்கையை இவ்வாறு மூன்று ஆண்டு வரை மறுதாம்பு விடலாம். வெட்டிய தழை ஆட்டுக்கு. நாட்டு மரத்தில் 1 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள முற்றிய கிளைகள் போத்து நட உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள்: மா மரத்துக்கு இந்த மொட்டை வெட்டு ஆகாது. அறுவடைக்குப் பின் காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை மட்டும் நீக்கினால் போதும். மின்கம்பியைத் தொடும் கிளை எந்த மரமானாலும், மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வையுங்கள்.