பெட்டி வரவில்லையா? வாசலைத் தாண்டாதீர்கள்

2024 ஏப்ரல் 16 அன்று துபாய் விமான நிலையத்தில் கொட்டிய மழை சுமார் 142 மில்லிமீட்டர். அந்த ஊருக்கு ஓராண்டு முழுதும் கிடைப்பதைவிட அது அதிகம். விமானங்கள் நகரும் தளங்களில் தண்ணீர் தேங்கி, எமிரேட்ஸ் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 400 விமானங்களை ரத்து செய்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பயணிகளை எப்படியோ ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். பெட்டிகள் நின்றுவிட்டன. விட்டுப்போன சுமார் 30,000 பெட்டிகளைப் பிரித்து, யாருடையது எது என்று பார்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது என்று அந்நிறுவனத்தின் தலைவர் டிம் கிளார்க் தம் மன்னிப்புக் கடிதத்தில் எழுதினார். அத்தனை பெரிய குவியலில் ஒரு கறுப்புப் பெட்டியை இன்னொரு கறுப்புப் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டுவது கைப்பிடியில் சுற்றிய பத்து இலக்க எண்தான். அதே எண் அச்சிட்ட துண்டுச் சீட்டைத்தான் செக்-இன் கவுண்டரில் போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தருகிறார்கள். பயணம் கிளம்பும்போது பூட்டு, பட்டை, பெட்டியின் உறுதி என்று எல்லாவற்றையும் சரிபார்க்கும் குடும்பங்கள் இந்தச் சீட்டைச் சாக்லேட் காகிதத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகின்றன. பெட்டி தொலைந்தால் நட்டம் ஈடாகுமா ஆகாதா என்பது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் நல்ல மனதைப் பொறுத்ததல்ல. முதல் சில மணி நேரத்தில் பயணி கையில் சேர்த்துக்கொள்ளும் எழுத்துச் சான்றைப் பொறுத்தது. சட்டம் பயணிக்குச் சாதகமாகவே இருக்கிறது, ஆனால் அது ஆதாரம் கேட்கும், கெடுவும் வைத்திருக்கிறது.

பயம் எவ்வளவு நியாயம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். விமானத் துறைக்குக் கணினிக் கட்டமைப்பு செய்து தரும் சீட்டா நிறுவனத்தின் கணக்குப்படி 2007-ல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் வழி தவறின. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்துவிட்டது. அப்படியும் ஓராண்டில் மூன்று கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள். அவற்றில் முக்கால் பங்கு தாமதமாக வந்து சேர்பவை. அடியோடு காணாமல் போவது மிகச் சிறிய பங்கு. எங்கே தவறுகின்றன என்பதுதான் நமக்கு முக்கியம். பத்தில் நான்கு, ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாற்றும் இடத்தில் தவறுகின்றன. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்களில் பலர் துபாய், தோஹா, அபுதாபி வழியாக மாறித்தான் போகிறார்கள். ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் நாம் ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடுவோம். பெட்டியால் ஓட முடியாது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிற குறுகிய இணைப்பு விமானத்தின் உண்மையான விலை இதுதான்.

கன்வேயர் பெல்ட் நின்று, பெட்டி வரவில்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: சுங்க வாசலைத் தாண்டி வெளியே போவதற்கு முன், அதே கூடத்தில் உள்ள பேகேஜ் கவுண்டருக்குப் போவது. பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கையை அங்கே பதிவு செய்வார்கள். வேர்ல்டு டிரேசர் என்ற உலகளாவிய தேடல் அமைப்பில் அது ஏறி, ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணும் கொண்ட குறியீடு ஒன்று கிடைக்கும். ‘கறுப்பு நிறம், நடுத்தர அளவு’ என்ற விவரம் ஆயிரம் பெட்டிகளுக்குப் பொருந்தும் என்பதால் உள்ளே மேலாக இருக்கும் பொருள் என்ன, எங்கே கீறல், எந்த நிறத் துணி கட்டியிருக்கிறது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். தங்கப்போகும் முகவரி தேதியோடு வேண்டும். மூன்றாம் நாள் வேறு ஊருக்குப் போகிறவர் முதல் ஊரின் முகவரியை மட்டும் கொடுத்தால் பெட்டி அவரைத் துரத்திக்கொண்டே இருக்கும். இனி கெடு. உடைந்து வந்த பெட்டிக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்ததற்கு, பெட்டி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கேட்கலாம். புகார் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனால், நல்ல நிலையில் கிடைத்ததற்கு அதுவே ஆதாரமாகக் கொள்ளப்படும். ‘அலுப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வெளியேறுகிறவர், தமக்கு எதிரான சான்றைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்தக் கெடுக்களெல்லாம் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ளவை. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதற்கு முன் கோலோச்சிய 1929-ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கை பெட்டியை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டது. பட்டுப் புடவைக்கும் பழைய போர்வைக்கும் ஒரே விலை. மான்ட்ரியல் எடையை விட்டுவிட்டு ஆளைக் கணக்கிட்டது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். அது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால் இது உச்ச வரம்பு, கேட்டவுடன் எண்ணிக் கொடுக்கும் தொகை கிடையாது. ஸ்பெயினில் பெட்டியைப் பறிகொடுத்த ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தொலைந்தது என்பதாலேயே முழுத்தொகை கிடைக்காது, இழப்பைப் பயணிதான் நிறுவ வேண்டும்.

உடுத்திப் பழகிய சட்டைக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே தீர்ப்பிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. சான்று இல்லாத நிலையில் பெட்டியின் எடையையும், போகும்போது தொலைந்ததா திரும்பும்போது தொலைந்ததா என்பதையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். ஆகவே கவுண்டரில் தரும் எடைக் குறிப்புகூட ஆதாரம்தான். மூடுவதற்கு முன் திறந்த பெட்டியை இரண்டு படம் எடுத்து வைப்பது அதைவிட வலுவான ஆதாரம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதே நீதிமன்றம் 2012-ல் தந்த இன்னொரு தீர்ப்பு உதவும். நான்கு பேரின் பொருள்கள் இரண்டு பெட்டிகளில் இருந்தன. பெட்டி யார் பெயரில் பதிவானாலும், தம் பொருள் உள்ளே இருந்ததை மெய்ப்பிக்கிற ஒவ்வொருவரும் தனித்தனி வரம்பில் இழப்பீடு கோரலாம் என்பது அதன் சாரம். நகை, பணம், மருந்து, மடிக்கணினி ஆகியவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அவற்றுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனையிலேயே இருக்கும், அவை கையிலேயே இருக்க வேண்டியவை. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இதைப் படித்தும் நகையைப் பெட்டிக்குள்தான் வைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு எதற்கு, பெட்டிக்குள் ஒரு டிராக்கரைப் போட்டால் போதாதா என்பது இப்போது பரவலாகக் கேட்கும் கேள்வி. டிராக்கர் நல்லதுதான். பெட்டி இருக்கும் இடத்தை நிறுவனங்களுடன் பகிரும் வசதியை 2024 இறுதியில் ஆப்பிள் கொண்டுவந்தது. ஆனால் பெட்டி தோஹாவில் இருப்பது நமக்குத் தெரிவதும், அதை எடுத்து வர ஒருவருக்குக் கடமை பிறப்பதும் வேறு வேறு. அந்தக் கடமையின் கோப்பு பி.ஐ.ஆர். எண்ணில்தான் திறக்கிறது. பயணக் காப்பீடு இருக்கிறதே என்றால், காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அதே எண்ணைத்தான். கைப்பை மட்டும் எடுத்துச் செல்வது சிறந்த வழி, மறுப்பதற்கில்லை. ஆனால் பேத்தியைப் பார்க்க ஆறு மாதத்துக்குப் போகும் பாட்டியிடம் பருப்புப் பொடியையும் வடகத்தையும் விட்டுவிட்டு ஏழு கிலோவோடு புறப்படுங்கள் என்று யார் சொல்வது? தவிர, விமானம் நிறைந்தால் கைப்பையையும் வாசலில் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள்.

பெட்டியோடு பயணமும் சேர்ந்து தடைபடும்போதும் சான்றுதான் பேசும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எயாஃப்யாட்லயாகுட்ல் எரிமலை சாம்பலைக் கக்கியபோது ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர் தம் சாப்பாடு, தங்கல், போக்குவரத்துச் செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலைக்கு நாங்களா பொறுப்பு என்றது விமான நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பயணி விதியை வைத்து 2013-ல் அந்த ஒன்றிய நீதிமன்றம் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது: அசாதாரணச் சூழலில் ரொக்க இழப்பீடு கிடையாது, ஆனால் உணவும் இருப்பிடமும் தரும் கடமை எத்தனை நாளானாலும் நீங்காது, தராவிட்டால் தேவையான, நியாயமான செலவைத் திருப்பித் தர வேண்டும். நியாயமான செலவு என்பதை ரசீதுதான் காட்டும். இந்த ஐரோப்பிய விதி ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும்போதோ ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் பொருந்தும். வளைகுடா நிறுவனத்தில் பாரிஸ் போய்த் திரும்புகிறவருக்குத் திரும்பும் வழியில் இருக்கும் உரிமை, போகும் வழியில் இல்லை. விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி.

பெருங்குழப்பம் நடக்கும் நாளில் கவுண்டரில் நான்கு மணி நேர வரிசை நிற்கும், ஊழியரோ பாவம், அவரிடம் என்ன பேச என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான்; பெட்டியைத் தொலைத்தது அவரல்ல, சத்தம் போட்டுப் பயனில்லை. வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் இணையப் படிவத்தில் பதிவு செய்யலாம். அது முடியாவிட்டால் சீட்டின் படத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலும் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் இருந்து, அவர் இவரைக் கைகாட்டினால், முதல் நிறுவனத்தையோ கடைசி நிறுவனத்தையோ கேட்க உடன்படிக்கை இடம் தருகிறது. மலிவாக இருக்கிறதென்று தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எதுவும் பலிக்காமல் நீதிமன்றம் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதற்காக வெளிநாட்டுக்கு ஓட வேண்டியதும் இல்லை. பயணம் முடியும் ஊரின் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம் என்கிறது உடன்படிக்கை. போய்வரும் டிக்கெட்டில் புறப்பட்ட ஊரே கடைசியாகச் சேரும் ஊர் என்பதால், சென்னையில் தொடங்கிச் சென்னையில் முடியும் பயணத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் தொலைந்த பெட்டிக்குச் சென்னையிலேயே வழக்குப் போடலாம்.