பால்கனிக்கு வரும் தேன்சிட்டு எது?

பெங்களூரில் செம்பருத்திச் செடி வைத்திருக்கும் வீட்டைத் தேன்சிட்டு தேடி வந்துவிடும். நம்மவர்கள் பலர் அதை ‘ஹம்மிங்பேர்டு’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும். நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். சிட்னியிலிருக்கும் பேரன் ‘ஹனிஈட்டர்’ என்று படம் அனுப்பினால், அதுவும் வேறு குடும்பம். வெவ்வேறு பட்டறையில் வார்த்த சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி, செய்யும் வேலை ஒன்றானதால் அலகும் நாக்கும் ஒத்துப்போயின.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை மூன்று. வயிறு மஞ்சளாக, முதுகு அரக்குச் சிவப்பாக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண். நீளம் 10 செ.மீ.தான். பெட்டைக்குத் தொண்டை வெளுப்பு, வயிறு மஞ்சள்.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் தூரத்தில் வெறும் கறுப்பு. வெயில் பட்டால்தான் நீலமும் ஊதாவும் மின்னும். குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் இந்த மினுமினுப்பு போய்விடும். பெட்டையைப் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கரிக்கோடு மட்டும் மிஞ்சும். இதைத் தனி இனம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இதே கறுப்பில், அலகு மிக நீண்டு அரிவாள் போல வளைந்து, வயிறு பழுப்பாக இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. அலகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறம் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏமாற்றும். லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்து, பறவைகளைப் படமாக வரையச் செய்தவர். லின்னேயஸ் 1766-இல் இதற்கு அவர் பெயரை வைத்தார்.

கூடு ஒரு தொங்கும் பை. சிலந்தி நூலால் நார், சருகு, மரப்பட்டைத் துணுக்குகளைச் சேர்த்துக் கட்டி, வாசலுக்கு மேல் தாழ்வாரமும் இறக்கிவிடும். பார்வைக்குக் குப்பை மாதிரி இருப்பதால் துடைப்பத்துக்கு இரையாவதும் உண்டு. முட்டை பொரிய ஏறத்தாழ 15 நாள், குஞ்சு பறக்க மேலும் 17 நாள்.

எங்கள் குடியிருப்பில் பெயிண்ட் அடிக்க ஆள் வந்த சமயம், இரண்டாம் மாடியில் துணிக்கொடிக் கம்பியில் கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள். சாரத்தை மறுபடி கட்டக் கூலி யார் தருவது என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதம். கடைசியில் அந்த வீட்டு அம்மாள், “நான் தருகிறேன்” என்றார். மற்றச் சுவரெல்லாம் வெள்ளையாக, அந்த ஒரு பால்கனி மட்டும் மூன்று வாரம் பழைய மஞ்சளிலேயே இருந்தது.