ஒரு நாட்டுக்கு ஒரு கம்பி

மலைக்காரர்கள் 'நெட்வொர்க் இல்லை' என்று சொல்வதில்லை. "டவர் கெடைக்கல" என்பார்கள். எந்தப் பாறையில் ஏறினால் இரண்டு கோடு காட்டும், எந்த வளைவு தாண்டினால் பேச்சு அறுந்துபோகும் என்பதெல்லாம், ஊற்று இருக்கும் இடம்போல ஊருக்கே அத்துப்படி. கொரோனா நாட்களில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் ஏறியதும் இப்படிப்பட்ட பாறைகளிலும் மரங்களிலும்தான்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே, மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று எல்லாப் பெயர்களும் 'நாடு' என்றே முடியும். சும்மா வைத்த பெயரில்லை. ஓடையும் சரிவும் பிரித்துப் போட்ட பல குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் ஒரு நாடு.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் தந்து, பின்னாளில் 'பாரத்நெட்' ஆன திட்டம், இந்தியாவின் சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் இதற்கென்றே தொடங்கப்பட்ட டான்ஃபிநெட் நிறுவனத்தின் இலக்கு 12,525 ஊராட்சிகள். கணக்கு முழுக்க ஊராட்சியில்தான். சமவெளியான தஞ்சாவூர்ப் பக்கம் அது செல்லும். ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு நடை நடந்தால் கடைசி வீடு வந்துவிடும். ஆனால் மலையில், அலுவலகத்து இணையப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால், அந்த நாடு முழுவதும் 'இணைக்கப்பட்டது' என்று ஏட்டில் ஏறிவிடும். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டுவார்கள். கரண்ட் போனால் பெட்டியும் படுத்துவிடும்.

இணையம் மலைக்கு ஆடம்பரம் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் நிற்கலாம். அரிசிக்குக் கைரேகை கேட்பார்கள். டவர் இல்லையென்றால் ரேகை போய்ச் சேராது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு செல்போன் செயலி வழியே என்று கட்டாயமாக்கினார்கள். பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மண் வெட்டியது நிஜம். படம் ஏறாவிட்டால் கூலிக்கு யார் பொறுப்பு? வசதி வந்து சேருமுன்பே அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

காசு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2002 முதல் தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்கான நிதிக்குக் கட்டி வருகின்றன. இப்போது அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். நிறுவனம் எங்கிருந்து கொடுக்கும்? நம் ரீசார்ஜிலிருந்துதான். பாறையில் ஏறி நிற்பவரும் அதற்குக் காசு கட்டியவரே.

2023 ஆகஸ்டில் பாரத்நெட்டைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் இரண்டு நல்ல மாற்றங்கள். முன்பு கம்பியைப் பெரும்பாலும் ஒரே கோடாக இழுத்திருந்தார்கள். நடுவில் ஒரு மரம் விழுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. இனி வளையம்: ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகத் தரவு சுற்றி வரும். இரண்டாவது, ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும், கேட்டால் இணைப்பு உண்டு. 'கேட்டால்' என்ற சொல்தான் உறுத்துகிறது. யாரிடம், எந்த விண்ணப்பத்தில், எப்படிக் கேட்பது? விண்ணப்பமும் ஆன்லைனில்தான் என்று சொல்லிவிடாமல் இருந்தால் சரி.

விலையும் இருக்கிறது. 2024 ஜூலையில் பெரிய நிறுவனங்கள் செல்போன் கட்டணத்தை 11 முதல் 25 சதவீதம் வரை ஏற்றின. வீட்டுக்கு ஒரு கம்பி இணைப்பு எடுத்தால் நாலு பேர் பகிரலாம், தலைக்குத் தலை ரீசார்ஜ் செய்யத் தேவையில்லை. கேரளம் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டத்தில் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்டுவது வேறு கதை. ஆனால் அங்கே வீடுகளையும் எண்ணினார்கள். அலுவலகங்களை மட்டுமல்ல.

இன்னொன்று, பழுது. அறுந்த இழையை ஸ்ப்ளைசிங் மிஷின் வைத்து ஒட்டுவது, பழகிய கைக்குச் சில நிமிட வேலை. அந்த மிஷினும் கையும் நாமக்கல்லில் இருந்தால், 70 வளைவு ஏறி வரவேண்டும். மலைமேலேயே, செம்மேட்டில் ஒரு மிஷினும், அதைப் பிடிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தால், காலையில் இழை அறுந்தாலும் மிளகு விளைவிப்பவர் மதியத்துக்குள் சந்தை விலை பார்த்துவிடலாம்.