விண்டோஸ் ஃபயர்வாலே போதுமா, காசு கொடுத்து வாங்கணுமா?

திருச்சி தென்னூரில் வீட்டிலிருந்தபடியே நான்கைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ், ‘உங்கள் ஃபயர்வால் பாதுகாப்பு முடியப்போகிறது, உடனே புதுப்பியுங்கள்’ என்று தினமும் பயமுறுத்துகிறது. கடைக்காரர்களின் பான் எண், வங்கி விவரம் எல்லாம் அதே லேப்டாப்பில்தான். பணம் கட்டலைன்னா என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காலாவதியானதை அப்படியே விடாமல் அன்இன்ஸ்டால் செய்தால், விண்டோஸிலேயே இருக்கும் ஃபயர்வால் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இந்த உள் ஃபயர்வாலுக்கு நல்ல பெயர் கிடைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற வைரஸ் பரவியபோது, எதையும் கிளிக் செய்யாமலே கணினிகள் மாட்டிக்கொண்டன. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும். 60 விநாடி கவுன்ட்டவுன் ஓடி கணினி ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது. ஆனால், ஆஃப் செய்யப்பட்டிருந்தது! 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2 தான் அதைத் தானாக ஆன் ஆகும்படி மாற்றியது.

அது செய்யும் வேலை எளிது. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால், உள்ளேயிருந்து வெளியே போவதை வழக்கமாகத் தடுக்காது. காசு கொடுத்து வாங்கும் ஃபயர்வால்கள் கூடுதலாகத் தருவது இதைத்தான்: எந்த ஆப் எங்கே பேசுகிறது என்று காட்டும், ‘விடவா, வேண்டாமா?’ என்றும் கேட்கும். 1991-ல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7 நிறுவனத்தின் டோட்டல் செக்யூரிட்டி உட்பட பல தொகுப்புகளில் ஆன்டிவைரஸோடு ஃபயர்வாலும் சேர்ந்தே வருகிறது.

கேள்வி வந்தால் யோசித்து பதில் சொல்பவருக்கு இது பயன். கேட்டதற்கெல்லாம் ‘அலவ்’ அழுத்துபவருக்கு வீண் செலவுதான்.

2022-ல் தமிழகம் முழுக்கச் சுற்றிய ‘இன்றிரவு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்’ எஸ்எம்எஸ் நினைவிருக்கிறதா? அதிலிருக்கும் எண்ணுக்குப் பேசினால், ‘பில் அப்டேட் ஆகலை சார், இந்த ஆப்பைப் போடுங்க’ என்பார்கள். அது நம் திரையை அவர்களுக்குத் திறந்துவிடும் ரிமோட் ஆப். போனில் நடப்பது லேப்டாப்பிலும் நடக்கும். இணைப்பை உள்ளேயிருந்து தொடங்குவது நாமே நிறுவிய ஆப் என்பதால், உள் ஃபயர்வால் பேசாமல் விட்டுவிடும். வாங்கியது ஒருவேளை கேள்வி கேட்கலாம். ஆனால், எதிர்முனையில் இருப்பவர் ‘யெஸ் கொடுங்க’ என்பார், நாமும் கொடுப்போம். தென்னூர் மின்வாரிய அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவது இதைவிடப் பாதுகாப்பு. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

காசு செலவில்லாத ஒரு வேலையைப் பலர் செய்வதே இல்லை. தில்லைநகர் கஃபேயிலோ ரயில் நிலையத்திலோ வைஃபையில் இணைந்தால் அந்த நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று வைக்க வேண்டும். ‘பிரைவேட்’ என்றால், பக்கத்து டேபிள்காரரையும் வீட்டு ஆளாக நினைத்து லேப்டாப் தன்னைக் காட்டிக்கொள்ளும். பிரிண்டர் ஷேரிங்குக்காக வீட்டில் ‘பிரைவேட்’ வைப்பதில் தப்பில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தால், எந்த நெட்வொர்க் இப்போது செயல்பாட்டில் இருக்கிறது, அதற்கு ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று தெரியும். மேக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதில் ஃபயர்வால் பெரும்பாலும் ஆஃப் நிலையிலேயே வரும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று. ஒரே லேப்டாப்பில் இரண்டு நிறுவனங்களின் ஃபயர்வாலைப் போட்டால் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். ஜிஎஸ்டி தளம் திறக்காதபோது குற்றவாளி எது என்று கண்டுபிடிக்கவே அரைநாள் போய்விடும்.