பூங்கா மேடையில் பொதுநிலையினர்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவமோ துறவறமோ ஏற்காமல், குடும்பத்திலும் தொழிலிலும் வாழும் விசுவாசிகள் பொதுநிலையினர் எனப்படுகின்றனர். மறையுரை ஆற்றுவது ஆயர்களுக்கும் குருக்களுக்கும் உரிய பணியாகவே நெடுங்காலம் இருந்ததால், திருப்பலியில் பங்கேற்பதும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி அளிப்பதும் போதும் என்றே பங்குமக்கள் பலர் கருதி வந்தனர். 1917-இல் வெளியாகி 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கத்தோலிக்கர் அல்லாதாருடன் சமய விவாதம், அதிலும் பொதுமேடை விவாதம், நடத்துவோர் உரோமையின் இசைவையோ, அவசரமானால் உள்ளூர் ஆயரின் இசைவையோ பெற வேண்டும் என்று கட்டுப்பாடும் விதித்தது. அதே 1918-ஆம் ஆண்டில் லண்டனின் பொதுநிலையினர் சிலர் மடக்கு மேடையையும் பாடுபட்ட சுரூபத்தையும் சுமந்துகொண்டு பொதுப் பூங்காவுக்குப் போனதைத் திருச்சபை வரலாற்றின் துணிவான திருப்பங்களுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

வெர்னன் ரெட்வுட் என்ற நியூசிலாந்துக்காரரின் முயற்சியால், வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் பிரான்சிஸ் போர்னின் ஒப்புதலோடு உருவான அந்த அமைப்புக்குக் கத்தோலிக் எவிடன்ஸ் கில்டு என்று பெயர். கத்தோலிக்க நம்பிக்கைக்கான சான்றுகளை அந்நம்பிக்கை இல்லாதவர் முன் எடுத்துரைக்கும் சங்கம் என்பது அதன் பொருள். சங்கத்தின் முதன்மைக் களமாக விளங்கியது ஹைட் பார்க் பூங்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஸ்பீக்கர்ஸ் கார்னர். 1872-இல் இயற்றப்பட்ட பூங்காச் சட்டத்துக்குப் பின், எக்கருத்துடையவரும் நின்று பேசலாம் என்ற மரபு நிலைபெற்ற இடம் அது. அதன் அருகில்தான் முற்காலத்தில் டைபர்ன் தூக்குமேடை நின்றது. இங்கிலாந்து அரசு உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்தபின், இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் 1581-இலும், அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட் 1681-இலும் அங்கே கொல்லப்பட்டனர்; ஆங்கிலக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829-இல்தான் பெற்றனர். அச்சத்தோடு ஒதுங்கி வாழப் பழகிய ஒரு சமூகம், தன் மறைசாட்சிகள் மாண்ட இடத்துக்கு அருகிலேயே எவர் கேள்விக்கும் விடை சொல்ல நின்றதன் பொருளை இந்தப் பின்னணியில்தான் உணர முடியும்.

சங்கத்தின் பெருமை அதன் பயிற்சியில் இருந்தது. பேச விரும்புபவர் முதலில் வகுப்புகளில் ஒரு கோட்பாட்டை முறையாகப் படித்தார். பின்னர், மூத்த உறுப்பினர்கள் எதிர்ப்பாளர்களைப்போல் நடித்துக் குறுக்குக் கேள்விகளால் மடக்க, அவற்றைத் தாங்கி நிற்கப் பழகினார். இறுதியில் தேர்வுக்கு உட்பட்டு, தேறிய பொருளில் மட்டும் பேச அனுமதி பெற்றார். பயிற்சிக்கான பாடக்குறிப்புகளை நூலாகத் தொகுத்தவர் மெய்சி வார்டு. கோயிலில் பெண்கள் மறையுரை ஆற்ற இயலாத அக்காலத்தில், அவரும் அவரைப் போன்ற பெண்களும் பூங்கா மேடையில் மூவொரு இறைவனைப் பற்றியும் நற்கருணையைப் பற்றியும் திரண்டு நின்ற ஆடவரிடம் விளக்கிப் பேசினர் என்பது தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு.

கூட்டத்திலிருந்து எழுந்த கேள்விகள் எளியவையாக இருக்கவில்லை. கலிலேயோவை ஏன் தண்டித்தீர்கள், தீயொழுக்கம் கொண்ட திருத்தந்தையர் இருந்தார்களே, அவர்களும் தவறாதவர்களா என்றெல்லாம் கேட்கப்பட்டது. பின்னதற்கு விடை சொல்பவர், 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் அறிவித்த வழுவாமை என்னும் கோட்பாடு, திருத்தந்தை பாவம் செய்யமாட்டார் என்று சொல்லவில்லை என்பதையும், விசுவாசம், ஒழுக்கம் ஆகியவை பற்றி அவர் தம் உச்ச அதிகாரத்தோடு முழுத் திருச்சபைக்கும் வரையறுத்துக் கூறும் போதனை பிழையற்றது என்றே அது சொல்கிறது என்பதையும், கலைந்து போக எந்நேரமும் உரிமையுள்ள மக்களுக்கு விளங்கும் சொற்களில் சில நிமிடங்களுக்குள் சொல்லியாக வேண்டும். மழுப்பலோ மேற்கோள் குவியலோ அங்கே எடுபடாது. சிட்னியில் சட்டம் பயின்ற பிராங்க் ஷீட் இந்தப் பட்டறையில்தான் உருவானார். 1926-இல் மெய்சி வார்டை மணந்து, அவருடன் ஷீட் அண்டு வார்டு என்ற பதிப்பகத்தைத் தொடங்கிய அவர், இறையியலைச் சாதாரண வாசகருக்குப் புரியுமாறு எழுதிய நூல்களில் பூங்காக் கூட்டத்தின் கண்டிப்பைக் காணலாம். கேள்வி கேட்டவரைச் சிறுமைப்படுத்திக் கைதட்டல் வாங்குவது தோல்வியே என்று சங்கம் கற்பித்தது மிகச் சரியானது, ஏனெனில் அவமானப்பட்டுத் திரும்பியவர் பிறகு எதையும் செவிமடுப்பதில்லை.

பிராங்க் டஃப் டப்ளினில் 1921 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய, தமிழகப் பங்குகளில் மரியாயின் சேனை என்று அறியப்படும் இயக்கம், மேடைக்கு மாறாக, இருவர் இருவராகச் சென்று மக்களைச் சந்திக்கும் வழியைத் தேர்ந்தது. பொதுநிலையினரின் இத்தகைய பணி, திருமுழுக்கினாலும் உறுதிபூசுதலினாலும் அவர்களுக்கே உரியது, குருக்கள் அளிக்கும் சலுகையன்று என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று தனி ஆணையாகவே அறிவித்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2012-இல் தொடங்கப்பட்ட புனித பவுல் தெரு நற்செய்தி இயக்கத்தில் மேடையே இல்லை; பங்குமக்கள் நடைபாதையோரம் நின்று, விரும்புவோருக்குச் செபமாலையை இலவசமாகக் கொடுத்து, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்கின்றனர்; நட்பு கொள்வதும் நற்செய்தியை எடுத்துச் சொல்வதும் கோயிலுக்கு அழைப்பதும் அதன் பின்னரே. முன்பின் அறியாத ஒருவர் தம் தாயின் நோயையோ மணமுறிவையோ அங்கே கொட்டித் தீர்க்கும்போது, கோட்பாட்டு விளக்கத்தைவிடப் பொறுமையான செவியே தேவைப்படுகிறது.

இப்பணிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் திருச்சபையே வரைந்துள்ளது. 1965 டிசம்பர் 7-இல் வெளியான சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, நம்பிக்கையைப் பரப்பும்போது, குறிப்பாக ஏழைகளிடமும் கல்வியறிவு குறைந்தோரிடமும், வற்புறுத்தலோ நேர்மையற்ற தூண்டுதலோ தோன்றும் எந்தச் செயலும் கூடாது என்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரோ உதவிக்காக வரிசையில் நிற்பவரோ எழுந்து போக முடியாதவர்; பூங்காவில் நிற்பவர் போக முடியும். அந்த உரிமையை மதிக்கும் இடத்தில்தான் சான்று பகர்தல் நேர்மையாகிறது. ஆகவே, தெருவில் இறங்க எண்ணும் பங்குமக்கள் முதலில் தங்கள் நம்பிக்கையை ஆழ்ந்து கற்கட்டும். அவர்களைக் கடந்து செல்வோர், மனத்தில் உறுத்தும் கேள்வி இருந்தால், தயங்காமல் நின்று கேட்கட்டும்.